புத்தகத்தில் என் சாவு

பிள்ளைகளின் தகப்பனுக்கு,

கொட்டாஞ்சேனை நூலகத்தில் உள்ளூர் எழுத்தாளர்களின் புத்தகங்களைச் சேர்த்து இரவல் கொடுக்கிறார்கள். உங்கள் கவிதைப் புத்தகத்தைப் பேத்திதான் எடுத்து வந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்ததும் கத்தினாள்.

"அம்மம்மா, நீங்க செத்துப் போயிட்டீங்களாமே!"

"காலஞ்சென்ற என் அன்பு மனைவிக்கு" என்று அச்சடித்திருக்கிறீர்கள். நுகேகொடைக்காரியோடு குடும்பம் நடத்துகிறவருக்கு, தாலி கட்டியவள் உயிரோடிருப்பது இடைஞ்சல்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் புத்தகத்தைத் தொடமாட்டாள் என்ற தைரியம் வேறு.

தொட்டேன். கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். மீன்குழம்பில் உப்புக் குறைந்ததென்று கோப்பையைச் சுவரில் எறிந்த மனுசன், என் பிரிவை நினைத்துப் பக்கம் பக்கமாக உருகுகிறார். மாதம்பிட்டி மயானத்தில் என் கல்லறைக்குப் பூ வைக்கிறீர்களாம். அது எந்த அப்பாவியின் கல்லறையோ! எனக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

வருகிற ஞாயிறு அந்த எழுத்தாளர்கள் நூலகத்தில் வாசிக்கிறார்களாம். நோட்டீசில் உங்கள் பெயரும் இருக்கிறது. நான் பூசை முடிந்ததும், கலியாணச் சேலையோடு வந்து முன்வரிசையில் இருப்பேன். முதல் பக்கத்திலிருந்தே வாசியுங்கள். கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள், எனக்குக் காது மந்தம்.

இப்படிக்கு,
காலஞ்சென்றவள்