வாங்க என்று சொல்லாத மகள்

வண்டியில் ஏறியவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்த என் நைனாவுக்கு,

நீ போய் மூன்று மாசம் ஆகிறது. அம்மா இன்னும் காலையில் இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டு, ஒன்றை என்னிடம் தள்ளுகிறாள். தம்பியும் மருமகளும் சுகம். திருத்தணி – பொதட்டூர்பேட்டை டவுன் பஸ்ஸில் உன் இடத்துக்கு ஒரு சின்ன வயசுக் கண்டக்டர் வந்திருக்கிறான். சில்லறை இல்லை என்றால் முறைக்கிறான். யாருக்கும் வணக்கம் வைப்பதில்லை. ஊர் உன்னைத் தேடுகிறது.

உன்னிடம் சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாய் அல்லவா?

மனநலத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் ஒரு வருஷம், பல்கலைக்கழக மாணவர் மனநல மையத்தில் பயிற்சி என்று நான் சேர்ந்தபோது நீ சிரித்தாய். "பட்டம் வாங்கிட்டு இன்னாத்துக்கும்மா இன்னும் டிரெய்னிங்கு? எனக்கு விசிலக் குடுத்து ரெண்டாம் நாளே வண்டில ஏத்திட்டான்." நானும் சிரித்தேன். அந்த மையத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி ஒன்று நம் இருவருக்கும் நடுவில் வந்து உட்காரப்போகிறது என்று அப்போது தெரியாது.

விதி இதுதான். "உன்னிடம் பேச வரும் மாணவரை வெளியே எங்கே பார்த்தாலும் நீ முதலில் வணக்கம் சொல்லாதே. அவர்களாகச் சொன்னால் பதில் சொல். இல்லையென்றால் பார்க்காதவள் மாதிரிப் போய்விடு."

பட்டணத்தில் இது சுலபம். நம்ம ஊரில்? படிக்கிற பிள்ளைகள் ஆர்.கே.பேட்டையிலிருந்தும் அம்மையார்குப்பத்திலிருந்தும் வருகிறார்கள். அதே பஸ், அதே சந்தை, அதே சர்ச். நான் ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால் போதும், பக்கத்தில் நிற்கும் அத்தை கேட்பாள், "அந்தம்மாவ உனக்கு எப்பிடித் தெரியும்?" பொழுது சாய்வதற்குள் அந்தப் பிள்ளைக்குப் பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்கள்.

முதலில் ஒரு தப்பு செய்தேன். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதும் போல் வணக்கம் சொல்லிவிட்டு, என்னிடம் வருகிற பிள்ளைகளை மட்டும் பார்க்காமல் போனேன். இரண்டே வாரத்தில் சர்ச் வாசலில் ஒரு அம்மா பிடித்துக்கொண்டாள். "எல்லார்கிட்டயும் நல்லாத்தான் பேசிகினு கீற. அந்தப் புள்ளையப் பாத்தா மட்டும் மூஞ்சத் திருப்பிக்கிற. இன்னா சமாச்சாரம்?" நான் வணக்கம் சொல்லாமல் விட்டதே அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டது நைனா.

அன்றிலிருந்து யாருக்குமே முதலில் வணக்கம் சொல்வதை நிறுத்தினேன். ஊரில் ஒருவருக்கும் இல்லை. பாதிரியாருக்கும் இல்லை, பால்காரருக்கும் இல்லை, உன் கூட்டாளிகளுக்கும் இல்லை. எல்லாரையும் விட்டால் யாருக்காக விட்டேன் என்று எவருக்கும் தெரியாது. ஊர் என்னைத் திமிர் பிடித்தவள் என்றது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் தம்பி கல்யாணத்தில் நீ விடவில்லை. மாப்பிள்ளையின் அக்காதான் மண்டப வாசலில் நிற்க வேண்டும் என்று சந்தனமும் கல்கண்டும் ரோஜாவும் வைத்த தட்டை என் கையில் கொடுத்தாய். பத்து நிமிஷம் நின்றேன். 'வாங்க வாங்க' என்றேன். பிறகு, நான் முதலில் வாங்க சொல்லக்கூடாத ஒருவரோடு ஒரு குடும்பம் படியேறி வந்தது. தட்டை மேஜையில் வைத்துவிட்டு, பிரியாணி அண்டாக்கள் இருந்த பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

நீ தேடிக்கொண்டு வந்தாய். "யாரப் பாத்துட்டு ஓடியாந்த?"

"யாரையும் இல்ல நைனா. தல வலிக்குது."

"தலவலிக்காரி மூஞ்சி எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா மூஞ்சியப் பாத்துகினுதான டிக்கெட்டு குடுத்தேன்." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாய். "படிச்ச திமிருன்னு ஊரே சொல்லிகினு கீது. நான்தான் இன்னிக்கு வரைக்கும் நம்பாம இருந்தேன்."

முட்டி வலியோடு நீயே போய் வாசலில் நின்றாய். வருகிறவர்களுக்கு ஏற்றபடி 'ஸ்தோத்திரம்' என்றும் 'வணக்கம்' என்றும் தெலுங்கில் 'பாகுன்னாரா' என்றும் சொல்லிக்கொண்டு, பந்தி முடிகிற வரை நின்றாய். நான் அண்டாக்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழுகை வந்தது தெரியுமா உனக்கு?

அதற்கப்புறம் நான்கு மாசம் நாம் பேசியதெல்லாம் சாப்பாடும் கேஸ் சிலிண்டரும்தான். பிறகு ஒரு காலையில் உன் காபி ஆறுவதற்குள் நீ இல்லை.

என் கோபத்தை இப்போது சொல்கிறேன், கேள். எனக்குப் பத்து வயசிருக்கும். ஒருத்தர் நம் வீட்டு வாசலில் வந்து கத்தினார். "எம் பொண்ணு எங்க எறங்குனா, யாரோட எறங்குனா, சொல்லு கண்டக்டரே." நீ அமைதியாகச் சொன்னாய், "நூறு பேரு ஏறி எறங்கற வண்டிங்க. யாருன்னு பாக்கறது?" அவர் போனபின் நான் உன் லுங்கியைப் பிடித்து இழுத்தேன். "உனக்குத் தெரியும்தான நைனா?" "வண்டில பாத்தது வண்டியோட. போய்ப் படி," என்றாய்.

எல்லாருக்கும் வணக்கம் வைத்த மனுஷன் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட நீ என் முகத்தைப் பார்த்துத் திமிர் என்று எப்படிச் சொல்லலாம்? உனக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

உன் சாவன்று ஒன்று நடந்தது. சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதும் இல்லை. அந்த ஒரு நாள் ஊரே என் வழக்கத்துக்கு வந்தது நைனா. கல்யாணத்தில் நிற்க முடியாத வாசலில் காலையிலிருந்து பெட்டி எடுக்கிறவரை நின்றேன். வந்தவர்கள் பேசாமல் கையைப் பிடித்தார்கள், நானும் பேசாமல் பிடித்தேன். என்னிடம் வருகிற பிள்ளைகளில் சிலரும் வந்திருந்தார்கள். ஒரு கை மட்டும் விட மனமில்லாமல் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்திருந்தது. யாருடைய கை என்று உன்னிடம்கூடச் சொல்லமாட்டேன். கல்யாணத்தன்று படியேறி வந்தது யார் என்றும் சொல்லமாட்டேன். செத்துப்போனவர் என்பதற்காக விதி மாறாது. இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்கும் சொல்லிவைக்கிறேன், தேடாதீர்கள். அடையாளம் தெரியாதபடி வேண்டியதை எல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

இப்போது புதுச் செய்தி. போன வாரம் பல்கலைக்கழக நிர்வாக அதிகாரி கூப்பிட்டார். மையத்துக்கு வந்துபோகிற மாணவர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டுமாம். பெற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். அவரும் உன் வண்டியில் காலேஜுக்குப் போனவர்தான்.

"உங்க நைனா தங்கமான மனுஷன்மா. எல்லாரையும் பேரு சொல்லிக் கூப்புடுவாரு. நீங்க இன்னாடான்னா ஒரு பேரக்கூடத் தரமாட்டேன்றீங்க."

"ஆங் சார். கூப்புடுவாரு. கேட்டு வந்தவங்ககிட்ட யார் பேரையும் குடுக்க மாட்டாரு."

ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்வேன், அதையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன் என்றேன். பட்டியல் என்று ஒரு தாள் என் கையிலிருந்து வராது என்றேன். அவர் பேனாவை மூடினார். "அப்ப வருஷக் கடைசில பயிற்சிச் சான்றிதழ்ல கையெழுத்து வாங்கறது கஷ்டம்."

"கஷ்டம்னா விடுங்க சார்," என்று எழுந்து வந்துவிட்டேன். படியிறங்கும்போதே மாசத்தை எண்ணினேன், உன்னிடம் மறைப்பானேன். இன்னும் இரண்டு மாசம்தான் பாக்கி. கையெழுத்து இல்லையென்றால் இந்த வருஷம் முழுக்க வீண். வேறெங்காவது முதலிலிருந்து தொடங்க வேண்டும், இந்த வயசில். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போனால் போகட்டும் நைனா. ஒரு பிள்ளை என்னை நம்பி அந்த அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவதற்கு எத்தனை நாள் வராந்தாவில் நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுப்புக் கடிதத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை கொடுக்கிறேன். கொடுத்துவிட்டு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வருவேன். வழியில் யார் வந்தாலும் நிமிர்ந்து பார்க்காமல்தான் வருவேன், ஊர் பேசினால் பேசட்டும். உன் தலைமாட்டில் வந்து நின்று, இந்த ஊரிலேயே உனக்கு மட்டும் நான் முதலில் ஸ்தோத்திரம் சொல்வேன். இது சத்தியம். பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உன் படிச்ச திமிர் பிடித்த
மூத்த மகள்