படிக்கப்படாத நான்காம் பக்கம் குறித்து

அனுப்புநர்:
பெட்ரா லிண்ட்வால்,
14, கூப்பர் தெரு,
ஆல்டர்ஃபோர்ட், மினசோட்டா.

பெறுநர்:
துணைவேந்தர் அவர்கள்,
ஆல்டர்ஃபோர்ட் பல்கலைக்கழகம்.

பொருள்: தங்கள் மாணவர்கள் முழுதாகப் படிக்காத கட்டுரையை ஆதாரம் காட்டி அச்சிட்ட குழந்தை நலத் துண்டறிக்கையை, வரும் சனிக்கிழமைக்கு முன் திரும்பப் பெறக் கோருவது.

பார்வை: எனது கடிதம், செப்டம்பர் 30. தங்கள் அலுவலகத்தின் பதில், அக்டோபர் 7.

மதிப்பிற்குரிய ஐயா,

1. செப்டம்பர் 20 அன்று ஊர் நூலகக் கூடத்தில் ‘புதிய பெற்றோர் நாள்’ நடந்தது. தங்கள் பொதுநலத் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஐவர் தயாரித்த துண்டறிக்கையைத் துணிப்பையில் போட்டு நூற்றுப் பதின்மூன்று தாய்மாருக்குக் கொடுத்தார்கள். ஏழு மாதக் குழந்தையோடு போயிருந்த எனக்கும் ஒரு பை கிடைத்தது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு இருமல் கண்டால் அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கலாம் என்று அதில் உள்ளது. வாக்கியத்தின் முடிவில் பொடி எழுத்தில் ஓர் எண், கீழே அந்த எண்ணுக்குரிய ஆய்வுக் கட்டுரை, மேலே தங்கள் முத்திரை.

2. 24ஆம் தேதி என் மகள் இங்க்ரிட் இருமினாள். கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் தடுப்பூசி போடப் போன இடத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த செவிலியர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, அதிலிருக்கக்கூடிய கிருமி உடலைத் துவளச் செய்துவிடும், அறிகுறி தெரிய ஒரு மாதம்கூட ஆகலாம் என்றார். இன்று இருபதாவது நாள். பால் இழுக்கும் வேகம் குறைகிறதா, இமை சரிகிறதா, கழுத்து நிற்கிறதா என்று பார்ப்பதே என் வேலையாக இருக்கிறது. இதுவரை ஒன்றுமில்லை. ‘இதுவரை’ என்ற சொல்லோடு குடித்தனம் நடத்துவது எப்படியென்று தங்கள் மாணவர்கள் அடுத்த துண்டறிக்கையில் விளக்கலாம்.

3. அந்தக் கட்டுரையைத் தேடித் தங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். நூலகர் ரூத் ஆக்கர்மன் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தந்தார். பதினொரு பக்கம். முதல் பக்கத்தில், தாய்மார் இருமலுக்கு வீட்டில் எதையெல்லாம் கொடுக்கிறார்கள் என்ற பட்டியல்: தேன், வெங்காயச் சாறு, ஒரு புண்ணியவதி விஸ்கி. நான்காம் பக்கத்தில், இவற்றில் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாதவை எவை என்ற பட்டியல். தேன் அதில் முதலாவது. விஸ்கியையும் அரைத் தேக்கரண்டி என்று எழுதாமல் விட்டதற்காக மாணவர்களுக்கு என் நன்றி.

4. துண்டறிக்கையில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். கேம்டன் என்ற மாணவர் பேசினார். மரியாதையான பிள்ளை, ஒளிவுமறைவும் இல்லை. “மேடம், அதுல மொத பக்கம் மட்டுந்தான் சும்மா வருது. மிச்சத்துக்கு நாப்பது டாலர் கேக்குறான். அதான் மொத பக்கத்தோட நிறுத்திட்டோம்,” என்றார். பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக உள்ளே போனால் பதினொரு பக்கமும் காசில்லாமல் கிடைக்கும் என்பது, அங்கே மூன்றாண்டு படித்த ஐவரில் ஒருவருக்கும் தெரியாது.

5. வகுப்பாசிரியர் டெல்பர்ட் ஹாக் அவர்களிடமும் முறையிட்டேன். “ஏம்மா, ஆறு ஆதாரம் கேட்டேன், ஆறு குடுத்துருக்காங்க. ஒவ்வொண்ணையும் தொறந்து பாத்துக்கிட்டிருந்தா நான் எப்ப பாடம் நடத்துறது?” என்று கேட்டார். நியாயம்தான். ஆதாரங்களை எண்ணுவதற்கே ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும். தேடவும் சரிபார்க்கவும் கற்றுத்தர ஒரே ஒரு வகுப்பு கேட்ட நூலகரிடம் இவர் நேரமில்லை என்றாராம். இவரது பாடத்திட்டம் தங்கள் இணையதளத்தில் இருக்கிறது. கடைசி வரி வரை படித்தேன். துண்டறிக்கைக்கு நிறமும் எழுத்துருவும் தேர்வு செய்ய இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கிறார்.

6. நூலகர்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டு, தாங்கள் கணினியில் ஒரு ‘தகவல் தேடல் பயிற்சி’ வைத்திருக்கிறீர்கள். பத்துக் கேள்வி. தவறானால் சரியாகும்வரை அழுத்திக்கொண்டே இருக்கலாம். கேம்டன் பதினொரு நிமிடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினாராம். அந்தச் சான்றிதழ் என்னிடமும் இருக்கிறது, ஐயா. நானும் தங்கள் பட்டதாரிதான், துணி மடித்துக்கொண்டே அழுத்தி வாங்கினேன். அதனால்தான் துண்டறிக்கையைக் கையில் எடுத்ததும் கீழே ஆறு ஆதாரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து நிம்மதியானேன். ஒன்றையும் திறக்கவில்லை. மாணவர்களைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் எனக்கும் பொருந்தும். அவர்களுக்கு மதிப்பெண்ணோடு போயிற்று, என் வீட்டில் குழந்தை இருக்கிறது.

7. என் முதல் கடிதத்துக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலில், ‘மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்’ என்று துண்டறிக்கையின் பின்பக்கம் அச்சிடப்பட்டிருப்பதாகச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். கூடவே, தகவல்களை எடைபோடக் கற்க நான் விரும்பினால் உதவுமென்று அதே பத்துக் கேள்விப் பயிற்சியின் இணைப்பையும் அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர் என் கடிதத்திலும் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த மனு தாமதமானதற்கு அந்தப் பதிலுக்குக் காத்திருந்ததே காரணம்.

8. வரும் சனிக்கிழமை, அக்டோபர் 18, அதே கூடத்தில் மறுபடி விழா. நானூறு பிரதிகள் தயாராக இருப்பதாக அறிகிறேன். அவற்றில் ஒன்றுகூட வெளியே போகாமல் நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி இத்துறையில் அச்சுக்குப் போகும் எதையும், காட்டப்பட்ட ஆதாரங்களைக் கடைசிப் பக்கம் வரை திறந்து பார்த்த ஒருவர் கையெழுத்திட்ட பிறகே அனுமதிக்க வேண்டும். ரூத் ஆக்கர்மன் கேட்ட வகுப்பை அவருக்குக் கொடுங்கள். நிறம் தேர்வு செய்யும் இரண்டு வாரத்திலிருந்து ஒரு மணி நேரம் பிய்த்துக் கொடுத்தால் போதும்.

9. கடைசியாக ஒன்று. பை கொடுக்கும்போது எங்கள் எல்லோரிடமும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வாங்கினார்கள். நூற்றுப் பதின்மூன்று பேருக்கும் அந்த ஐவரே இந்த வாரம் அழைக்க வேண்டும். நாங்கள் எழுதியது தவறு, இன்ன கட்டுரையை வைத்து எழுதினோம், அதில் ஒரு பக்கம்தான் படித்தோம் என்று சொல்ல வேண்டும். பிறகு, குழந்தைக்குத் தேன் கொடுத்தீர்களா என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். எனக்குத்தான் தெரியுமே என்று என்னை விட்டுவிட வேண்டாம். எனக்கும் அழைக்கட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

நாள்: அக்டோபர் 14, 2025
இடம்: ஆல்டர்ஃபோர்ட்

இன்னும் பத்து நாள் எண்ண வேண்டியுள்ள,
(ஒப்பம்)
பெட்ரா லிண்ட்வால்