துணி மடிக்கிற வேலை

மாப்ள,

இன்று காலை கடையில் மழைக்கோட்டுத் துணி பண்டல் ஒன்றைப் பிரித்தார்கள். அந்த நைலான் வாடை மூக்கில் ஏறியதும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். "என்னப்பா, தலைசுத்தா?" என்றார் முதலாளி. ஆமாம் என்றேன். எனக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வரும் என்று உனக்குத்தான் தெரியுமே.

ராணுவத்துக்குப் போகும் முன் இரண்டு வருடம் நீயும் இதே சிம்மக்கல் கடையில் என் பக்கத்தில் நின்று சேலை மடித்தவன்தான். எல்லாம் கோணல் மடிப்பு. நீ மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பதே எனக்குப் பாதி வேலை. பாராசூட் படையில் சேர்ந்த அன்று போன் செய்தாய். "விமானத்துல இருந்து குதிக்கிற வேலைன்னு தெரிஞ்சா அம்மா சோறு திங்காதுடா. நீயே ஏதாவது சொல்லிச் சமாளி" என்றாய். நான் நேராக உன் அம்மாவிடம் போனேன். "அங்கயும் துணி மடிக்கிற வேலைதான் அத்தை. பாராசூட்ட மடிச்சு அடுக்கணும், அம்புட்டுத்தான்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அத்தை நம்பிவிட்டார். திருப்பரங்குன்றத்தில் உங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். லீவில் வந்தபோது, கழித்துப்போட்ட பாராசூட்டிலிருந்து ஒரு நைலான் துண்டு கொண்டுவந்து கொடுத்தாய். அது அத்தையின் தையல் மெஷினுக்கு உறையானது. உன் சட்டையிலிருந்த இறக்கைச் சின்னத்தை அத்தை தொட்டுப் பார்த்து "இது எதுக்குடா?" என்று கேட்டபோது, "ஸ்டோர்ல எல்லாருக்கும் குடுப்பாங்கம்மா" என்றாய். தெருமுனைக்கு வந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு என்னிடம் சொன்னாய்: "கதவத் திறந்ததும் முழங்கால் ஆடுதுடா. எத்தன தடவ குதிச்சும் அது போகல."

எல்லையில் சண்டை தொடங்கி, லீவின் பாதியில் உன்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நீ கிளம்பிய அன்றுதான் வாடிப்பட்டியில் உன் மாமன் மகளுக்குச் சடங்கு. டிவியில் என்ன காட்டினாலும், ஸ்டோரில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றிருந்தார் அத்தை. "ஸ்டேஷனுக்கு வரவா, சடங்கு வீட்டுக்குப் போகவா?" என்று என்னிடம்தான் கேட்டார். நீ குளித்துக்கொண்டிருந்தாய். வாங்க அத்தை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "துணி மடிக்கப் போறவனுக்கு வழியனுப்ப எம்புட்டுப் பேரு? நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். பெரிய நகைச்சுவை என்று நினைப்பு எனக்கு. அத்தை குளியலறைக் கதவைத் தட்டி "வாரேன்டா, சாப்பிட்டுக் கிளம்பு" என்றார். உள்ளேயிருந்து "சரிம்மா" என்றாய்.

பிளாட்பாரத்தில் நீ படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். "வராததும் நல்லதுதான், வந்தா அழும்" என்று சொல்லிக்கொண்டாய். வண்டி நகர்ந்த பிறகும் உன் தலை படிக்கட்டுப் பக்கமே திரும்பியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தை உங்கள் இருவரிடமிருந்தும் பறித்தவன் நான். அதை நினைக்காமல் ஒரு நாளும் போனதில்லை.

பன்னிரண்டாம் நாள் உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். கூட வந்த தமிழ்ச் சிப்பாய் ஆறுதலாகத்தான் சொன்னார்: "உங்க பையன்தாம்மா எப்பவும் முத ஆளாக் குதிப்பான்." அத்தையின் அழுகை சட்டென்று நின்றது. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"குதிப்பானா? மடிக்கிறவன்னுல்ல சொன்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரிஞ்சிருந்தா நான் சடங்கு வீட்டுல போயி உக்காந்திருப்பேனாடா?"

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். அத்தை திட்டுவதில்லை, காப்பி போட்டுக் கொடுக்கிறார். திட்டினால் தேவலை என்றிருக்கிறது. போன வாரம் அந்த மெஷின் உறையை மடியில் வைத்து நீவிக்கொண்டே கேட்டார்: "இனிமேலாவது எங்கிட்ட உண்மையச் சொல்லு. குதிக்கிறப்ப எம்புள்ள பயந்தானாடா?"

உன் முழங்கால் நினைவுக்கு வந்தது, மாப்ள.

"இல்ல அத்தை. அவனுக்குப் பயமே கிடையாது."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, உறையை மறுபடி மெஷின் மேல் போட்டார்.

முதல் பொய்யை நீ சொல்லச் சொன்னாய். இதை யாரும் சொல்லச் சொல்லவில்லை.