திரும்பி வந்த ஃபேன்கள்

மார்ச் 4
நான் வைத்த மூன்று கடையிலும் ஃபேன் திரும்பி வருகிறது. திரும்பிய சரக்கு நோட்டுகளை வரவழைத்தேன். நான் உட்காரும் கடையில் ஒன்பது. மைத்துனன் கடையில் இருபத்திரண்டு. தம்பி கடையில் அறுபத்தொன்று! இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கண்டவன் நீட்டுவதையெல்லாம் வாங்கி வைக்கிறான்.

மார்ச் 6
தம்பியிடம் கடைச் சாவியை வாங்கிவிட்டேன். வேலையாட்கள் எதிரிலேயே.
"அண்ணே, ஒரு தடவ நோட்டப் பிரிச்சுப் பாருங்க."
"எண்ணிக்கை போதும். கதை வேணாம்."
மேசைமேல் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினான். பதினெட்டு வருஷம் அவன் கையில் இருந்த சாவி.
கைவண்டி தள்ளி மேலே வந்தவன் நான். எனக்கா தெரியாது?

மார்ச் 15
அவன் போயும் ஃபேன் திரும்பி வருவது குறையவில்லை.

மார்ச் 19
மருமகள் புள்ளிவிவரம் படித்தவள். மூன்று நோட்டையும் வாரவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள்.
"மாமா, ஜனவரி கடைசியில மூணு கடையிலயும் ஒண்ணா ஏறுது. ஒண்ணா ஏறினா கடைமேல குத்தமில்ல, சரக்குமேல குத்தம்."
மலிவென்று அந்தச் சரக்கை இறக்கியவன் யார்? நான்தான்.
"சரி, அதக் கழிச்சிடு. அவன் கடையில மட்டும் மிச்சம் நிக்குதே?" விடுவேனா நான்!
தம்பி நோட்டில் எழுதியிருந்த ஒவ்வொரு ஃபேனின் வரிசை எண்ணையும், அது எந்தக் கடைக்குப் போனது என்ற கிடங்குப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள். சிலதை வட்டம் போட்டு எண்ணினாள்.
"அறுபத்தொண்ணுல முப்பத்தாறு மாமா. அத்தனையும் உங்க கடையில வித்தது."
என்னிடம் கொண்டுவந்தால் கத்துவேன் என்று ஊருக்கே தெரியும். வாங்கியவர்கள் தம்பி கடைக்குப் போயிருக்கிறார்கள். அவன் வாய் பேசாமல் மாற்றிக் கொடுத்திருக்கிறான். என் ஒன்பதுதான் பொய்.
ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது.

மார்ச் 20
தம்பி வீட்டுக்குப் போனேன்.
"அப்பவே ஏன்டா சொல்லல?"
"உங்க பேரு கெடும்ணே."
சாவியை நீட்டினேன். தொடவில்லை. "நாலு பேர் முன்னாடி வாங்கினீங்க" என்றான். அவ்வளவுதான்.
அந்த நாலு பேர் முன்னாடியே தருகிறேன் வா என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? சே!

ஏப்ரல் 28
தம்பி சொந்தக் கடை திறக்கிறான். அழைப்பு வந்தது. கடைவீதியில் எல்லாருக்கும் வந்த அதே அட்டை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கென்று தனியாக ஓர் எழுத்து இல்லை.