பதின்மூன்றாம் நாளுக்கு முன்

போட்டியின் ஐந்தாம் நாள், வியாழக்கிழமை

அன்புள்ள யசுஹிகோவுக்கு,

அப்பா எழுதுவது. நம்ப முடியாவிட்டால் இன்னொரு முறை பார்த்துக்கொள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. நீங்கள் சுமோ போட்டிக்குப் போயிருக்கும் ஃபுகுவோகா தெற்கே இருப்பதால் அங்கே இன்னும் இதமாக இருக்கும். நலம்தானே?

ஏப்ரல் முதல் ஊர் மன்றத்தில் வாரம் இரண்டு காலை சகாகி அம்மா எங்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். நான்கு மாணவர்கள். எழுபத்தொன்பது வயதில் நான்தான் மூத்தவன், அதிகம் பேசுகிறவனும் நான்தானாம். ஒன்பது வயதில் கணவாய் பிடிக்கும் படகில் ஏறியவனுக்கு இப்போது தெருவில் உள்ள பலகைகள் எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டன. நாற்பது வருடமாக முடி வெட்டிக்கொள்ளும் கசாயின் கடையில் 'பெண்களுக்கும் முகச் சவரம் செய்யப்படும்' என்று எழுதியிருக்கிறது. நேற்றுத்தான் எனக்குத் தெரியும். வாசலிலேயே நின்று மூன்று முறை படித்தேன்.

ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பத்திதான் முடிகிறது. அதனால் இந்தக் கடிதத்தில் போட்டியும் நகர்ந்துகொண்டே இருக்கும். இன்றுவரை முதல் தரத்து யோகொசுனா ஒகிமினேயும் அடுத்த தரத்து ஓசெகி யோஷிநிஷிகியும் தோற்கவில்லை. கசாய் ஓசெகி பக்கம். "கோப்பை இந்தத் தடவ யோஷிநிஷிகிக்குத்தான், இல்லேன்னா என் மீசைய எடுத்துக்கிறேன்" என்கிறான். அவனுக்கு மீசையே கிடையாது.

ஆறாம் நாள்

ஒரு தவறைச் சொல்ல வேண்டும். சிரிக்கலாம், நானும் சிரித்தேன்.

நம் மாவட்டத்துப் பத்திரிகையில் உள்ளூர் வீரர்களின் முடிவு வரும், உனக்குத் தெரியும். வெற்றிக்கு வெள்ளை வட்டம், தோல்விக்குக் கறுப்பு. வட்டம் படிக்க எழுத்து வேண்டாம். கடற்கரை ஊர்களின் வரிசையில் பெயர்கள் இருக்கும், வலமிருந்து நான்காவது வரி நீ என்று அம்மா காட்டியிருந்தாள். அவள் போன பிறகும் அந்த நான்காவது வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு வருடமாக நீ நன்றாக ஆடினாய். ஐந்து வெற்றி, ஆறு வெற்றி என்று கசாய் கடையில் போய்ச் சொல்வேன். ஜூலையில் உங்கள் தரத்துக்கு உள்ள ஏழு ஆட்டமும் நீ ஜெயித்தபோது தெரு முழுக்கக் கணவாய் கொடுத்தேன்.

போன மாதம் பழைய பத்திரிகைத் துண்டுகளை எடுத்துப் பெயரைப் படித்துப் பார்த்தேன். நான்காவது வரியில் பக்கத்து ஊர்ப் பையன் மினெயமா. வடக்கே ஒருவன் ஓய்வு பெற்றதில் எல்லாரும் ஒரு வரி நகர்ந்துவிட்டீர்கள். இரண்டு வருடம் ஊரான் பிள்ளைக்குக் கோயிலில் மணி அடித்திருக்கிறேன்.

கசாயிடம் போய்ச் சொன்னேன். கத்தியைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்ண்ணே. எல்லாருக்கும் தெரியும். அவன் ஜெயிச்சா நீங்க மீன் குடுக்குறீங்க, வாங்கித் தின்னுட்டு என்னத்தச் சொல்றது?" என்றான். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ரொம்ப சந்தோஷமா இருந்தீங்கண்ணே" என்றான். அன்றைக்கு முடி வெட்டியதற்குக் காசு வாங்கவில்லை.

ஏழாம் நாள்

மூன்றாவது வரியைப் படித்தேன். உன்னுடையது.

மார்ச் முதல் நான்கு போட்டியிலும் ஒரே மாதிரி இருந்தது. ஒரே ஒரு கறுப்பு வட்டம். மற்ற ஆறு இடத்திலும் வட்டம் இல்லை, ஒரே எழுத்து. அந்த எழுத்து எனக்குத் தெரியும், ஜூன் மாதப் பாடம். இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் மரம். மனிதன் மரத்தில் சாய்ந்தால் ஓய்வு என்று சகாகி அம்மா சொல்லித் தந்தார். ஆடவில்லை என்பதற்கும் அதைத்தான் போடுகிறார்கள். நான் அப்போது வகுப்பில், "மனுஷன் சாயுறான், சரி. மரம் என்னம்மா பண்ணுது?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். "மரம் பேசாம நிக்கிது தாத்தா. உங்களால அது முடியாது" என்றார்.

உங்கள் பயிற்சிக்கூடத்து ஆசிரியரின் மனைவி எப்போதும்போல் தரவரிசைத் தாள் அனுப்பியிருந்தார். அடிவரிசையில் எறும்பு ஊர்வதுபோல எழுத்து. பூதக்கண்ணாடி வைத்து ஒரு மத்தியானம் முழுக்கத் தேடினேன். கசேனமி. உன் மேடைப் பெயரை நானே கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. விரலை எடுக்க மனம் வரவில்லை.

கூடவே அவர் கடிதமும் இருந்தது. அதையும் நானே படித்தேன். உன் முழங்காலில் இரண்டாவது முறை கத்தி வைத்தும் சரியாகவில்லை, ஒரு ஆட்டம்கூட ஆடாவிட்டால் தாளிலிருந்து பெயர் விழுந்துவிடும், அதனால் ஒவ்வொரு போட்டியிலும் பதின்மூன்றாம் நாள் மட்டும் மேடை ஏறுகிறாய், இந்த முறையும் ஏறுவதாகச் சொல்கிறாய், நான் சொன்னால் நீ கேட்பாய் என்று எழுதியிருந்தார்.

எட்டாம் நாள், ஞாயிறு

யோஷிநிஷிகி இன்று தோற்றான். ஒகிமினே ஒரு வெற்றி முன்னே. கசாய் எல்லாருக்கும் வலிக்க வலிக்கச் சவரம் செய்தான். நான் வீட்டுக்கு வந்து அம்மாவின் படத்துக்கு முடிவுகளைச் சொன்னேன். இப்போதெல்லாம் பெயரோடு சொல்கிறேன்.

தொலைபேசியில் நீயும் நானும் இரண்டு ஊர் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அதனால் இதில் எழுதுகிறேன்.

நீ பதினைந்து வயதில் ரயில் ஏறும்போது நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். பட்டுக் கச்சை கட்டும் மேல் தரத்துக்கு ஏறாமல் வீட்டுப்படி மிதிக்காதே என்றேன். எல்லா அப்பாக்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். நீ மட்டும் பத்தொன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். அம்மாவின் காரியத்துக்கு வந்தவன் கோயிலில் நின்றாய், எலும்பு எடுத்தாய், என்னைக் கைப்பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டாய். செருப்பைக் கழற்றவில்லை. அங்கேயே குனிந்து வணங்கிவிட்டுப் போனாய். உள்ளே வா என்ற சொல் என் தொண்டையில் இருந்தது. அதைச் சொல்லாமல் ரயிலுக்கு நேரமாகிறதா என்று கேட்டேன்.

அந்தத் தாளில் உன் பெயர் இருக்க வேண்டும் என்று யாருக்காக அந்தக் காலோடு ஏறுகிறாய் என்று எனக்குத் தெரிகிறது. அந்தத் தாளை நான் படித்துவிட்டேன் யசுஹிகோ. போதும்.

தபால் நிலையத்தில் கேட்டேன். நாளைக் காலை போட்டால் பன்னிரண்டாம் நாள் சேருமாம். இன்னும் எழுத ஆசைதான், என் வேகத்துக்கு எழுதினால் நீ மேடை ஏறிவிடுவாய். பதின்மூன்றாம் நாள் ஏறாதே. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் ரயிலில் இரு. பட்டுக் கச்சை வேண்டாம், ஊன்றுகோலோடு வா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா. உன் படுக்கையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏன் வந்தாய், எத்தனை வெற்றி என்று கேட்க மாட்டேன். சகாகி அம்மா நம்ப மாட்டார், ஆனால் நான் பேசாமல் நிற்பேன். நீ சாய்ந்துகொள்.

உன் கால் தேறட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும்.

தன் கையால் எழுதிய,
உன் அப்பா
தொயோகிச்சி