முனியப்பன் முனுசாமி

1964 ஜூன் 3
சுரங்க ஆபீசில் வேலை. ரிஜிஸ்டரில் ஆளுக்கு நான்கு கட்டங்கள்: பெயர், தகப்பன் பெயர், ஊர், குடியிருப்பு. அவற்றைச் சேர்த்து, அட்டையில் ஒரே வரியாக எழுத வேண்டும். கீழே இறங்குகிறவன் தன் அட்டையை ஷாஃப்ட் குழி வாசல் பலகையில் மாட்டுவான். ஏறி வந்ததும் கழற்றிக்கொள்வான்.
அட்டை சின்னது. முதல் இரண்டு கட்டம் போதும் என்றார் தலைமை குமாஸ்தா ஆர்தர்.

ஜூன் 5
சாப்பிடும்போது அண்ணன் சிரித்தான். "இன்னாடா, பி.ஏ. படிச்சிட்டு பேரு ஒட்ற வேலையா?"
"எங்க ஊட்டுக்காரர் பேர கோணலா எழுதிடாத தம்பி," என்றாள் அண்ணி ஜெயம்மா.

ஜூன் 11
முனியப்பன் முனுசாமி. அண்ணனின் அட்டை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முனியப்பன் முனுசாமி. வேறு ஆள். அவன் குடியிருப்பு மைசூர் மைன்ஸ், எங்களுடையது ஸ்கெலட்டன். ஷிப்ட் ஒன்றுதான். குடியிருப்பையும் சேர்க்கலாமா என்று ஆர்தரிடம் கேட்டேன். "இடம் எங்கேப்பா?"

ஜூலை 2
மதியம் தரை குலுங்கியது. கீழே பாறை வெடிப்பு.
ஏறி வந்தவர்கள் அட்டைகளைக் கழற்றினார்கள். பலகையில் ஒன்று மிஞ்சியது – முனியப்பன் முனுசாமி.
இன்னொன்றை யாரோ கழற்றியிருந்தார்கள், முகமெல்லாம் கட்டோடு, நினைவில்லாமல் ஸ்ட்ரெச்சரில் போன ஒருவனுக்காக. எவன்?
ஆஸ்பத்திரியில் உள்ளே விடவில்லை. வாசலில் அண்ணி. பக்கத்தில் அந்த முனியப்பனின் மனைவி வெங்கடம்மா, மடியில் குழந்தை. ஒரே தம்ளர் காபியை இருவரும் குடித்தார்கள்.
"நீ ஆபீஸ்லதானே கீறே தம்பி, ஒனக்குத் தெரியாதா?" என்றாள் வெங்கடம்மா.
கீழே கிடப்பவன் அவளுடையவனாக இருக்கட்டும் என்று நினைத்தேன். குழந்தையைப் பார்த்துக்கொண்டேதான் நினைத்தேன்.

ஜூலை 3
நர்ஸ் வந்து, கண் விழித்தவன் தேடுகிறான் என்று வெங்கடம்மாவைக் கூப்பிட்டாள். அண்ணிதான் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.
"போம்மா. போய்ப் பாரு."
வெங்கடம்மாதான் அழுதாள்.

ஜூலை 4
அண்ணனைக் கேஜ் லிஃப்டில் மேலே கொண்டுவந்தார்கள்.

ஜூலை 9
அண்ணி மூணு தட்டு எடுக்கறா. ஒண்ண திருப்பி வைக்கறா. மறுபடி எடுக்கறா.

ஜூலை 20
பெரிய அட்டைகள் வந்திருக்கின்றன. ஒரே பெயரில் இருவர் இருந்தால் குடியிருப்பையும் சேர்க்கச் சொன்னார் ஆர்தர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.
காலையிலிருந்து எழுதுகிறேன். மதியம் அந்தப் பெயர் வந்தது. முனியப்பன் முனுசாமி. மைசூர் மைன்ஸ் என்று சேர்க்கப் போனேன் –
தேவையில்லை. இந்தப் பெயருக்கு இனி இரண்டு கட்டம் போதும்.