சிவப்புக் கட்டத்தை அழித்துவிடு, மகன்

அன்பு மகன் நிப்றாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி ஸம்றா எழுதும் கடிதம் இது. இங்கு மருதமுனையில் நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் நல்லபடி இருக்கிறோம், டோஹா வெயிலில் நீ வாடாமல் இருக்க வேண்டுமென்று தொழுகைக்குத் தொழுகை கேட்கிறோம். உம்மாவின் முழங்கால் நோவு கொஞ்சம் பரவாயில்லை. மழை பிந்திப் பெய்ததால் வயலில் சேறு காயவில்லை, வெட்டு மெஷின் இறங்க வழியில்லாமல் வரம்போரம் நிற்கிறது. இதை எல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். சொல்ல வந்த பெரிய விசயத்தை எத்தனையோ தரம் போனில் தொடங்கிப் பார்த்தேன், ஒவ்வொரு தரமும் “டியூட்டி இரிக்கி வாப்பா, பொறகு கதைப்பம்” என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. அங்கே உன்னோடு இருக்கும் றாஸிக் லீவு முடிந்து திரும்பி வருகிறான், அவன் கையில்தான் கொடுத்து விடுகிறேன். தனியாக இருந்து கடைசி வரை வாசி.

நம் தெருவில் பிறந்து வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து சந்தியிலும் பள்ளிவாசல் மூலையிலும் கமரா பூட்டினபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். என் மகன்தான் அங்கிருந்து இதைப் பார்க்கிறான் என்று கண்டவரிடம் எல்லாம் சொன்னேன். அது சும்மா படம் பிடிக்கிற சாமான் இல்லை, முகத்தைப் பார்த்து இன்னார் என்று பெயர் சொல்லும், ஏஐ என்று பஹ்மி விளக்கினான். அவனுடைய போன் கடையில்தானே அதன் பெட்டி இருக்கிறது. களவு ஏதும் நடந்தால் ஆளின் முகத்தில் சிவப்புக் கட்டம் விழும், அந்த முகம் திரும்ப ஊருக்குள் வந்தால் எல்லாப் பொடியன்மாருடைய போனும் கத்தும், ஆனால் சிவப்புப் போடவா விடவா என்று முதலில் உன்னிடம்தான் கேட்கும் என்றான். எனக்கு விளங்கினது பிறகுதான். நான் தேத்தண்ணிக் கடைக்குள் போனது உனக்குத் தெரிந்து, நீ உம்மாவிடம் சொல்லி, சீனி வியாதிக்காரனுக்கு இனிப்புத் தேத்தண்ணி கேட்குதா என்று அவள் ஒரு நாள் முழுக்க ஏசினாள். அது சிரிப்புக்கு. ஆனால் எந்தப் பிள்ளை எந்த டொக்டரிடம் போகிறாள், யார் வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வருகிறாள் என்று பஹ்மியின் கடையில் வேலையில்லாதவர்கள் குந்தியிருந்து பார்ப்பது சிரிப்புக்கு இல்லை. ஸம்றா இப்போது மருந்தெடுக்கப் போகவும் கடற்கரை ஒழுங்கையால் சுற்றித்தான் போகிறாள். இதை எழுத மாட்டேன் என்றாள், நான்தான் எழுது என்றேன்.

இனி சுஜிந்தனின் கதைக்கு வருகிறேன். பக்கத்துத் தமிழ் ஊர் பாண்டிருப்பில் இருக்கும் என் கூட்டாளி கோணாமலையின் பேரன், வெள்ளிக்கிழமைகளில் நம் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவன். ஜும்ஆ நேரம் கடை எல்லாம் பூட்டு, ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குள், தெருவில் ஒரு குருவி இருக்காது. தொழுது வந்து வாங்குகிறேன், அதுவரை நில் என்று அவனை நிற்கச் சொல்வது நான்தான். அவனும் சும்மா நிற்க மாட்டான், பிந்தி ஓடி வருகிறவர்கள் வெயிலில் குறுக்கும் மறுக்குமாகப் போட்டுவிட்டுப் போகும் மோட்டார் சைக்கிள்களைத் தள்ளி, கமராவுக்கு எட்டாத வேப்பமர நிழலில் நிறுத்தி வைப்பான். யாரும் சொல்லிச் செய்வதில்லை. அந்த வெள்ளி நம் தெரு முஸ்தாக்கின் மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. பஹ்மி கமராவைப் பார்த்தால் குத்பா நேரம் தெருவில் ஒரேயொரு முகம், சைக்கிள்களில் கை வைத்த முகம். நம் ஆட்களின் முகம் எல்லாம் பள்ளிக்குள் இருக்கும்போது தெருவில் வேறு யாருடைய முகம் இருக்கும்? பெட்டி உன்னிடம் கேட்டது. நீ சிவப்புப் போட்டாய்.

நான் பிந்தி வெளியே வரும்போது அவனைச் சுவரோடு சாய்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மீன் பெட்டி கவிழ்ந்து ஐஸ் எல்லாம் மணலில். காதால் இரத்தம். “வெயில்ல நிண்டிச்சு, தள்ளி நிழல்ல வெச்சன், வேற ஒண்டும் இல்ல” என்று அவன் சொல்லச் சொல்ல, “சைக்கிளுக்கு வெயில் சுடுமாடா?” என்று கேட்டு ஒருவன் அடித்தான். நான் நடுவில் விழுந்துதான் விலக்கினேன். அஸர் தொழுகைக்கு நம் ஹஸன் காக்கா முஸ்தாக்கின் சைக்கிளில் வந்து இறங்குகிறார். இரண்டும் ஒரே மாதிரி, ஒரே நிறம், அவருடைய தேய்ந்த சாவி எந்தச் சைக்கிளுக்கும் போகும் என்பது ஊருக்கே தெரியும். தொழுகை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்து, நிழலில் நின்றதைத் தன்னுடையதென்று எடுத்துப் போய், சோறு தின்று, படுத்தும் எழும்பியிருக்கிறார். “பெற்றோல் நிறைய இரிந்திச்சி, அல்லாஹ்ட பறக்கத்தாக்கும் எண்டு நினைச்சன்” என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடி வாங்கினவன் வீட்டுக்குப் போய்விட்டான், சிரிக்க அவன் இல்லை.

சைக்கிள் வந்தது, சிவப்புக் கட்டம் போகவில்லை. நான் உன்னிடம் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று ஒரு சொல் மறக்காமல் வைத்திருக்கிறேன். “மெஷின் பொய் சொல்லாது வாப்பா, அவன் கை வெச்சது மெய்தானே, பாதுகாப்புக்கு இரிக்கட்டும்” என்றாய். போன கிழமை மெய்யாகவே மயிரிழையில் தப்பினோம். அவன் பயந்து பயந்து மீன் கொண்டு வந்தான், சந்தி திரும்பினதும் போன்கள் கத்தின, கதை தெரியாத அடுத்த தெருப் பொடியன்மார் பொல்லுகளோடு துரத்தினார்கள். மீன் சைக்கிளைப் போட்டுவிட்டு நம் வீட்டுக்குள் ஓடி வந்தான். உம்மா குசினிக்குள் விட்டுக் கதவைப் பூட்டி, கேற்றில் போய் நின்றாள். “வாங்கடா, முதல்ல என்ட முகத்தப் புடிச்சி மெஷின்ல போடுங்க, மறுகா உள்ளுக்குப் போகலாம்” என்றாள். அந்த நோவு முழங்காலோடு நின்றாள். அவர்கள் போனார்கள். அன்று அவனுக்கு ஏதும் ஆகியிருந்தால் பாண்டிருப்பில் சும்மா இருப்பார்களா? இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது ஒரு தெரு, மகன். அது எரிந்ததையும் நான் பார்த்தவன்.

நீ பிறக்க முன்னம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சந்தை நாள், சுற்றிவளைத்து ஆண்கள் எல்லோரையும் பிடித்து மைதானத்து மணலில் இருத்தினார்கள். யார் பிடித்தது என்று எழுதவில்லை, அந்தக் காலம் பிடிக்காதவர் இல்லை. ஜீப்புக்குள் ஆள் காட்டிக் கொடுக்கும் தலையாட்டி ஒருவன் இருந்தான். தலையில் உரச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை, ஒரு ஓட்டை பெரிது. நான் சாரனை முழங்காலுக்கு மேல் இழுத்துப் பிடித்தபடி இருந்தேன், பக்கத்தில் கோணாமலை. ஜீப் எங்களுக்கு நேரே நின்றது, சாக்கு மேலும் கீழும் ஆடியது. கோணாமலையைத் தூக்கிப் போனார்கள். ஏன் என்று அவனுக்கும் தெரியாது, கேட்கவும் ஆள் இல்லை. திரும்பி வந்தபோது ஒரு கால் இழுத்தது, இன்றைக்கும் இழுக்கிறது. சாக்குக்குள் இருந்தவனை நான் குறை சொல்ல மாட்டேன், அவனை அடித்து இருத்தியிருந்தார்கள். உன்னை யாரும் அடிக்கவில்லையே மகன். குளிர் அறையில் இருந்து ஒரு விரலால் தலையாட்டினாய்.

கோணாமலையைப் பார்க்கப் போனேன். தேத்தண்ணி தந்தான், நான் எழும்பும்போதுதான் சொன்னான். “காக்கா, அண்டைக்குச் சாக்குக்குள்ள இரிந்தவன் ஆரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியா. தெரியாதபடியா மறந்திட்டன். இவனத் தெரியுமே, தோணியில நான் மடியில வெச்சிக் கடல் காட்டின உங்கட பொடியன்” என்றான். சுஜிந்தன் இப்போது வீட்டோடு கிடக்கிறான்.

ஆகையால் இந்தக் கடிதம் வாசித்த கையோடு அந்தச் சிவப்புக் கட்டத்தை அழித்துவிடு. அழித்தால் மட்டும் போதாது, எந்தப் போன்களில் அவன் முகத்தைக் கள்ளன் என்று அனுப்பினாயோ அதே போன்களுக்கு உன் சொந்தக் குரலில், பிழை என்னுடையது என்று சொல். மற்ற முகங்களையும் எடுத்துவிடு, நம் ஊர்ப் பெண்களின் முகத்தை முதலில் எடு. வரும் ஜும்ஆ முடிந்ததும் கமராவைக் கழற்றச் சொல்லி, பள்ளி நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மாரிடம் எழும்பிக் கேட்கப் போகிறேன். யார் சிவப்புப் போட்டது என்று அவர்கள் கேட்டால் பொய் சொல்ல எனக்கு ஏலாது. நான் சொல்ல முன்னம் நீ சொல்லியிருக்க வேண்டும், அதுதான் வாப்பாவின் ஆசை. கோபத்தில் சொன்னதாக நினைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, வெயிலில் தலையை மூடு. அல்லாஹ் உன் ஹயாத்தை நீட்டி, உன் கையால் யாருக்கும் தீங்கு வராமல் காப்பானாக. உம்மா ஸலாம் சொல்லச் சொன்னாள், உன்னைக் கனவில் கண்டாளாம்.

எனக்குக் கையெழுத்துத் தெரியாதென்பது உனக்குத் தெரியும். கீழே என் இடது பெருவிரலை மையில் தோய்த்து வைக்கிறேன். இது நானாக விரும்பி, இன்னாருக்கென்று தெரிந்து தருவது. என் முகத்தை அந்தப் பெட்டிக்கு நான் தரவில்லை, அதையும் எடுத்துவிடு. பார்க்க ஆசை வந்தால் ஊருக்கு வந்து பார்.

இப்படிக்கு,
உன் வாப்பா அப்துல் ஸமட்
(பெருவிரல் அடையாளம்)